ஆர்ச்சுக்கு நடுவரைக் கூட்டிப்போன சனிக்கிழமை

இதோட பன்னெண்டாவது தடவை. செயின்ட் லூயிஸுக்கு யார் வந்தாலும் முதல்ல டிக்கெட் கேக்காத ஜூ, அப்புறம் பொட்டானிக்கல் கார்டன், அப்புறம் ஆத்தங்கரையில வளைஞ்சு நிக்கிற இந்த ஆர்ச், அப்புறம் கோயில், கோயில் கேன்டீன்ல ஒரு தோசை, நேரம் மிச்சம் கெடந்தா பத்து மாடிச் சறுக்கு வச்ச அந்த மியூசியம். வாரவுக மாறுவாக, வரிசை மாறாது. கேள்வியும் மாறாது. "இம்புட்டு வளைவா இருக்கே, இதுக்குள்ள எப்படிம்மா மேல போறது?" மாமனார் கேட்டாக, என் வீட்டுக்காரர் தனசேகர் கூடப் படிச்சவரு கேட்டாரு, போன வருஷம் வந்த வில்லுப்பாட்டுக்காரர் கேட்டாரு, இப்ப இவரு கேக்காரு. சின்னக் கூண்டு மாதிரி ஒண்ணு இருக்குங்கய்யா, அஞ்சு பேர் உக்காரலாம், நாலு நிமிஷத்துல மேல கொண்டு போயிரும்னு நானும் பன்னெண்டாவது தடவையா சொல்லுதேன். இவரு பேராசிரியர் அரியநாயகம். பேருக்கு முன்னால 'நகைச்சுவை நாவேந்தர்'னு போடணும், போடலைன்னா நோட்டீசையே திருப்பி அனுப்பிருவாராம், சங்கத் தலைவர் பிரேம்நாத் தனியாப் போன் பண்ணிச் சொன்னாரு. வயசு அறுபத்தாறு. சாயங்காலம் நாலு மணிக்கு எங்க தமிழ்ச் சங்கத்துச் சித்திரை விழாவுல பட்டிமன்ற நடுவர். அது வரைக்கும் அவரை ஊர் சுத்திக் காட்டுறது என் தலையெழுத்து. ஏப்ரல் குளிருக்கு கோட்டு கொண்டாரல, தனசேகரோட நீலக் கோட்டைப் போட்டுக்கிட்டு, ரெண்டு கையையும் பாக்கெட்டுல விட்டுக்கிட்டு, "உயரம் எவ்வளவும்மா?"ங்காரு. அறுநூத்து முப்பது அடி. "தஞ்சாவூர்ப் பெரிய கோயில் எரநூத்திப் பதினாறு. ஆனா அது கல்லு." ஆமாங்கய்யா, அது கல்லு. நேத்து ஜூவுல பென்குயினைப் பாத்துட்டு ஒரு வக்கீல் ஜோக், கார்டன்ல கள்ளிச்செடியைப் பாத்துட்டு ஒரு மாமியார் ஜோக். எனக்குக் கன்னம் வலிக்கு. சிரிச்ச மூஞ்சியா ரெண்டு நாள் வச்சுக்கிட்டே இருந்தா யாருக்கும் வலிக்கத்தான் செய்யும்.

கேக்கணும். கூண்டுக்கு நிக்கிற இந்த வரிசை முடியறதுக்குள்ள கேட்டுரணும். காலையில காப்பி டம்ளரைக் கையில வாங்கிக்கிட்டு இவரு சொன்னாரு, "தங்கச்சி, உங்க வீட்டுல ஒண்ணு பாத்தேன். சாயங்காலம் மேடைக்கு நல்ல சரக்கு மாட்டிருச்சு." சொல்லிட்டுக் கண்ணைச் சிமிட்டுனாரு. அந்த நிமிஷமே என்னத்தப் பாத்தீகன்னு கேட்டிருக்கணும். நான் என்ன கேட்டேன், இன்னும் கொஞ்சம் சீனி போடவான்னு கேட்டேன். வாய் வரைக்கும் வந்தது சீனியாப் போச்சு. அதுக்கப்புறம் கார்ல முக்கா மணி நேரம் வந்தோம். கேட்டேனா, இல்ல. ஹைவேயில வண்டி ஓட்டும்போது இதெல்லாம் பேசக் கூடாதுன்னு எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கிட்டேன். பார்க்கிங்ல கேக்கலாம்னு பாத்தா இவரு போட்டோ எடுக்கச் சொல்லுதாரு, ஆர்ச் முழுசும் தெரியணுமாம், இவரும் முழுசாத் தெரியணுமாம், அதுக்கு நான் ஈரப் புல்லுல மண்டி போட்டு எடுத்தேன். செக்யூரிட்டியில பெல்ட்டைக் கழட்டுங்கய்யான்னா, "வேட்டியும் பெல்ட்டும் ஒண்ணா விட்டா என்னம்மா ஆவேன்"னு அங்க ஒரு ஜோக். அந்தக் கறுப்புப் பொம்பளை போலீசு சிரிக்கல, பாவம், அவளுக்குத் தமிழ் தெரியாது, குடுத்து வச்சவ. இப்ப மணி பதினொண்ணு பத்து. எங்க டிக்கெட்டு பதினொண்ணு இருபதுக்கு. பத்து நிமிஷம் இருக்கு. ஐயா, காலையில ஒண்ணு சொன்னீகளே. அஞ்சு வார்த்தை கூட இல்ல, அது எனக்கு வரமாட்டேங்கு.

எங்க வீட்டுல பாக்கதுக்கு என்ன இருக்குன்னா, ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. நானும் தனசேகரும் பிரிஞ்சு ஏழு மாசமாச்சு. ஒரே வீட்டுல பிரிஞ்சிருக்கோம், அவ்வளவுதான் வித்தியாசம். நான் மாடியில, அவரு பேஸ்மென்ட் ரூம்ல. வக்கீல்கிட்டப் பேசியாச்சு, ஜூன்ல எங்க பொண்ணு நேத்ராவுக்கு எட்டாம் கிளாஸ் முடியுது, முடிஞ்சதும் அவரு அபார்ட்மெண்ட் பாத்துப் போறாரு. இது தெரிஞ்சது அவருக்கு, எனக்கு, நேத்ராவுக்கு, வக்கீலுக்கு. எங்கம்மாவுக்குத் தெரியாது, என் மாமியாருக்கும் தெரியாது, சங்கத்துல ஒரு குஞ்சுக்குத் தெரியாது. அப்படி இருக்கையில பிரேம்நாத் போன் பண்ணுதாரு, இந்தத் தடவை விருந்தாளி உங்க வீட்டு முறைன்னு. எங்க சங்கத்துல அது ஒரு கட்டுப்பாடு, ஊர்ல இருந்து வாரவுகளை ஓட்டல்ல போட மாட்டோம், முறை வச்சு ஒவ்வொருத்தர் வீட்டுலயும் தங்க வைப்போம். முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். தனசேகர் சரின்னுட்டாரு. ஏன்னு கேட்டா, "முடியாதுன்னா ஏன்னு கேப்பாங்க கோமதி"ங்காரு. கேக்கத்தான் செய்வாக. பைப் உடைஞ்சு போச்சுன்னு ஒரு பொய் வராதா அந்த வாயில. சரி, விருந்தாளிக்கு உள்ளது அந்த ஒரே பேஸ்மென்ட் ரூம்தான். ஒரே சாயங்காலத்துல அவரோட சட்டை, பேண்ட்டு, ஷேவிங் சாமான், பிரஷர் மாத்திரை, ராத்திரி படிக்கிற கண்ணாடி, எல்லாத்தையும் மாடிக்கு ஏத்துனோம். ஏழு மாசமா அந்த அலமாரியில பாதி காலியாக் கெடந்துச்சு, அதுல அவரு சட்டையைத் திரும்ப மாட்டும்போது எனக்கு அழுகை வரல, கோவம்தான் வந்துச்சு, யாருக்காக இதைச் செய்யுதோம்னு. என்னமும் விட்டுப் போச்சா. மாத்திரை டப்பா ஒண்ணா ரெண்டா. பாத்ரூம் கதவுக்குப் பின்னால துண்டு தொங்குச்சே, அதை எடுத்தேனா. எடுத்தேன். எடுத்தேன்னு நெனைக்கேன். மேசை டிராயரைத் தெறந்து பாத்தேனா. அதுல வக்கீல் குடுத்த பேப்பர் இருந்தா. இல்ல, அதைத் தனசேகர் ஆபீஸ் பையில வச்சிருக்காரு. வச்சிருக்கேன்னு சொன்னாரு. அவரு சொன்னதை நான் என்னைக்குச் சரி பாத்திருக்கேன். மறுபடி துண்டுக்கே வந்து நிக்கேன், காலையில இருந்து இதே செக்குமாடு, துண்டு, டிராயர், மாத்திரை, துண்டு.

முன்னால நிக்கிற சின்னப் பிள்ளைங்க கைப்பிடிக் கம்பியில தொங்குது. இவரு சட்டைப் பையில இருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்து என்னமோ எழுதுதாரு. இந்த மேடைப் பேச்சுக்காரவுக எல்லாருக்கும் ஒரு தொழில் முறை இருக்கு. தங்குத வீட்டுல பாத்ததை எடுத்து மேடையில வைக்கது. "நேத்து நான் தங்கியிருந்த வீட்டுல"ன்னு ஆரம்பிப்பாக. பேர் சொல்ல மாட்டாக, ரொம்ப நாகரிகம். தங்கியிருந்தது யார் வீடுன்னு சங்கத்து வாட்சப்புல மூணு நாளா ஓடிக்கிட்டு இருக்கு, முந்நூறு பேருக்கும் தெரியும். ரெண்டு வருஷம் முன்னால வந்தவரு, தங்கியிருந்த வீட்டுல புருஷன் ஏப்ரான் கட்டிக்கிட்டுப் பாத்திரம் கழுவுனதைச் சொல்லி மேடையில நடிச்சே காட்டுனாரு. சிரிப்புன்னா அப்படிச் சிரிப்பு, நானும்தான் சிரிச்சேன். அந்த மனுசன் பேரு இன்னைக்கும் ஏப்ரான்தான். அவரு புள்ளையைக் கூட சின்ன ஏப்ரான்னு கூப்பிடுதாக. அப்ப சிரிச்ச வாய்க்கு இப்ப கூலி கெடைக்கப் போகுது. இன்னைக்குத் தலைப்பு வேற என்னன்னு நெனைக்கீக. அயல்நாட்டு வாழ்வில் குடும்பத்தைத் தாங்குவது கணவனா மனைவியா. நாப்பது வருஷமா இதே தலைப்பு, முன்னால அயல்நாடுன்னு ஒண்ணு ஒட்டிக்கிட்டா புதுசாம். சீட்டுக் குலுக்கிப் போட்டதுல தனசேகருக்கு மனைவிதான்கிற அணி விழுந்துச்சு. ஒரு வாரமா கராஜுல நின்னு பேசிப் பழகுதாரு. துணி காயப்போடப் போனா சுவத்தைப் பாத்து, "என் வீட்டின் அச்சாணி யார் தெரியுமா நடுவர் அவர்களே"ங்காரு. என்னைப் பாத்ததும் நிறுத்திட்டு, "சாரி, கத்திட்டேனா?"ன்னு கேட்டாரு. பதினேழு வருஷத்துல என்னைப் பத்தி அம்புட்டு நல்லதாப் பேசி நான் கேட்டது அந்தக் கராஜுலதான்.

ஒண்ணும் இல்ல, எனக்குன்னா நான் தாங்கிக்கிடுவேன். சொல்லட்டும், சிரிக்கட்டும், ரெண்டு மாசம் முன்னாலயே தெரிஞ்சுட்டுப் போகுது. ஆனா தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடப் போறது யாரு, நேத்ரா. பாடி முடிச்சுட்டு மூணாவது வரிசையில வந்து உக்காந்து முழு பட்டிமன்றத்தையும் பாப்பா, அவ அப்பா பேசுதாருல்லா. எங்ககிட்ட அந்தப் பிள்ளை கேட்டது ஒண்ணே ஒண்ணு. செப்டம்பர்ல ரெண்டு பேரும் உக்கார வச்சுச் சொன்னோம். அழுவான்னு நெனைச்சோம், கத்துவான்னு நெனைச்சோம், டிஷ்யூ பேப்பர் டப்பாவைக் கூட மேசையில வச்சிருந்தேன், மடச்சி. அவ ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டு, "ஸ்கூல் முடியற வரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம், ஓகே?"ன்னா. ஓகேன்னோம். அம்புட்டுதான். பதினாலு வயசுப் பிள்ளை எங்களுக்காக ஏழு மாசம் வாயை மூடிக்கிட்டு இருக்கா, அவ சிநேகிதிங்க வீட்டுக்கு வந்தா அப்பா கீழ ஆபீஸ் வேலை பாக்காருன்னு சொல்லிருதா, பொய் சொல்லக் கூடாதுன்னு அவளை அடிச்சு வளத்தவ நான். இந்த ஆள் ஒரு ஜோக்குல அதைத் தூக்கி முந்நூறு பேர் நடுவுல போட்டுருவாரு. கேட்டுரணும். ஆனா கேட்டா அதுவே சொன்ன மாதிரி ஆயிரும். இவரு பாத்தது குக்கர் விசிலா இருந்தா. ஃப்ரிட்ஜுக்குள்ள நான் செருப்பு வச்சிருந்ததா இருந்தா. வைக்கல, ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன். நானா வாயைத் தெறந்து இல்லாததை எல்லாம் எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிரும். கேக்காம விட்டா சாயங்காலம் ஒரு நாற்காலியில உக்காந்து அது வருதா வருதான்னு ஒன்றரை மணி நேரம் பாத்துக்கிட்டு இருக்கணும்.

கதவு தெறந்துருச்சு. நாலடி ஒசரக் கதவு, குனிஞ்சு நுழையணும், உள்ள வெள்ளையா முட்டை ஓட்டுக்குள்ள இருக்க மாதிரி ஒரு உருண்டை, சுத்தி அஞ்சு சீட்டு. எதுக்க ஒரு வயசான தம்பதி, அயோவாவுல இருந்து வாராகளாம். அந்தம்மா இவரைக் காட்டி உங்க அப்பாவான்னு இங்கிலீஷ்ல கேக்கா. ஆமான்னுட்டேன், விளக்கம் சொல்ல யாருக்குத் தெம்பு இருக்கு. அவ புருஷனுக்கு உயரம்னா பயமாம், அவன் கையை இறுக்கிப் பிடிச்சு மடியில வச்சிருக்கா. அதைப் பாக்காம இருக்க எடமில்ல, முட்டியும் முட்டியும் இடிக்கு. டக்குன்னு ஒரு ஆட்டம், ஏறுது. டக், டக், டக். ஒவ்வொரு டக்குக்கும் கூண்டு தன்னைத் தானே நேர் பண்ணிக்கிடுது, நேர் பண்ணும்போது வயிறு மட்டும் பின்னால நின்னுட்டு வருது. "ஆட்டுக்கல்லுக்குள்ள உளுந்து போற மாதிரி இருக்கும்மா"ங்காரு. இது கொஞ்சம் நல்லாத்தான் இருக்கு, சிரிப்பு வந்துருச்சு, வந்ததுக்கு எனக்கே என் மேல எரிச்சல். கதவுல ஒரு சின்னக் கண்ணாடி, அது வழியா இரும்புப் படி ஒண்ணு ஒண்ணாக் கீழ போகுது. இதுக்குள்ள நடுவுல நின்னு போச்சுன்னா. நிக்காது, இதுவரை ஒரு தடவை கூட நிக்கல. இருந்தாலும் நின்னா, இந்த மூணு பேர்ல யார் கையை நான் பிடிக்கது. முதத் தடவை வந்தப்ப தனசேகர் கூட வந்தேன், கல்யாணமாகி நாலாவது மாசம், நான் கண்ணை மூடிக்கிட்டேன், அவரு ஒரு டக்குக்கு ஒரு டக்கா எண்ணிக்கிட்டே வந்தாரு என் காதுல. அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. அடிச்சாரா, இல்ல. குடிச்சாரா, இல்ல. வேற பொம்பளையா, அவருக்கு அதுக்கெல்லாம் எங்க நேரம். வக்கீல் கூடக் கேட்டா, காரணம்னு என்ன எழுதன்னு. சிகாகோவுல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டுத் திரும்பி வாரப்ப அஞ்சு மணி நேரம் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல. சண்டை இல்ல, ஒண்ணும் இல்ல. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டும்போதுதான் பேசலைங்கதே எனக்கு உறைச்சுச்சு. அவருக்கு அதுவும் உறைக்கல. மறுநாள் துணி மடிச்சுக்கிட்டே நான்தான் சொன்னேன், இது போதும்ங்க, விட்டுருவோம்னு. அவரு கையில இருந்த சட்டையை மடிச்சு முடிச்சுட்டு, "சரி"ன்னாரு. ஏன்னு கேக்கல. அந்த ஏன் வரும் வரும்னு நான் ஏழு மாசமாப் பாக்கேன், இன்னும் வரல. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கும் தெரியாது.

மேல வந்தாச்சு. கடைசியில கொஞ்சம் படி, ஏறி நின்னா ஒடுக்கமா வளைஞ்ச ஒரு ரூம், ரெண்டு பக்கமும் தபால் பெட்டி வாய் மாதிரி சின்னச் சின்ன ஜன்னல். சாஞ்ச சுவத்து மேல குப்புறப் படுத்துத்தான் கீழ பாக்கணும். கெழக்க மிஸிஸிப்பி ஆறு, காப்பித்தூள் கரைச்ச தண்ணி. மேற்க பழைய கோர்ட்டுக் கட்டடம், அந்தப் பக்கம் பேஸ்பால் மைதானம். அய்யா, இது ஆறு, அய்யா, இது கோர்ட்டு. இவரு கோர்ட்டுப் பக்கம் குப்புறப் படுத்துக் கண்ணாடியில மூக்கை வச்சுப் பாக்காரு. எனக்குத் தெரியுதது நீலக் கோட்டு முதுகு மட்டும். ஒரு நொடி தனசேகர் மாதிரியே இருக்கு. கோட்டுக்கு என்ன தெரியும், யார் போட்டாலும் தோள்ல அதே எடத்துலதான் சுருங்குது. இந்தக் கோட்டை நான்தான் வாங்குனேன், ரெண்டு கடை ஏறி எறங்கி, அவரு அளவு ஒரு கடையில இல்லைன்னு. இன்னும் அவரு கழுத்தளவு எனக்கு மனப்பாடமா இருக்கு, அதை எங்க கொண்டு போய்ப் போட. இப்பக் கேட்டுருதேன். மூஞ்சி தெரியல, முதுகுதானே, முதுகுகிட்டக் கேட்டுரலாம்.

"ஐயா, காலையில வீட்டுல ஒண்ணு பாத்தேன்னு சொன்னீகளே. அது என்ன?"

அவரு திரும்பி உக்காந்தாரு. மூஞ்சியெல்லாம் சிரிப்பு. "அட, அதுவா. மேடையில கேட்டுக்கலாம்னு விட்டேன். விடியக்காலை அஞ்சு மணிக்குத் தண்ணி குடிக்க மேல வந்தேனா, ஹால்ல சோபாவுல மாப்பிள்ளை. போர்வை கூட ஒழுங்கா இல்ல, காலு ரெண்டும் வெளிய. நான் நெனைச்சேன், சரிதான், அமெரிக்கா வந்தும் தங்கச்சி இவரு குறட்டைக்கு விசா குடுக்கல போலன்னு." அவரு நிறுத்தி என் மூஞ்சியைப் பாத்தாரு, சிரிப்பு வருதான்னு. "நேத்து நான் தங்கியிருந்த வீட்டுல, குடும்பத்தைத் தாங்குறது யாருன்னு தெரியல, ஆனா வீட்டுக்காரரைத் தாங்குறது சோபா. எப்படி இருக்கு?"

அம்புட்டுதானா. துண்டு இல்ல, டிராயர் இல்ல, மாத்திரை இல்ல. ராத்திரி பாயை விரிச்சுத் தரையிலதான் படுத்தாரு தனசேகர், எப்ப எந்திரிச்சுக் கீழ போனாருன்னே எனக்குத் தெரியாது. பக்கத்துல ஆள் இருந்தா தூக்கம் வரமாட்டேங்கு போல, ஏழு மாசத்துல பழகிப் போச்சு. குறட்டை. நல்லது. குறட்டைன்னா ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. விட்டுரு கோமதி. சிரிச்சுட்டு ஆறு இந்தப் பக்கம் ஐயான்னு கூட்டிட்டுப் போ. வாயைத் தெறக்காத. இதை விட நல்ல மூடி எங்க கெடைக்கும், சந்தோசப்படு. ஆனா நேத்ராவுக்குத் தெரியும்ல. சோபாவுல அவ அப்பா ஏன் படுத்தாருன்னு அந்த மண்டபத்துல எங்களைத் தவிரத் தெரிஞ்ச ஒரே ஆள் அவதானே. முந்நூறு பேர் அவளைச் சுத்தி உக்காந்து அதுக்குச் சிரிக்கும்போது அவளும் சிரிச்சாகணும். எங்களுக்காகச் சிரிப்பா. சிரிச்சுருவா, அவ கெட்டிக்காரி. அதுதான் எனக்குத் தாங்கல.

"அவருக்குக் குறட்டையே கெடையாது ஐயா"ன்னேன். "நாங்க பிரிஞ்சாச்சு. ஏழு மாசமாச்சு. நீங்க படுத்திருக்கது அவரு ரூம்." சொல்லி முடிச்ச அப்புறம்தான் தெரியுது, வக்கீலைத் தவிர, இதை நான் வாய் விட்டு வெளியாள் ஒருத்தர்கிட்டச் சொல்லுதது இதுதான் முதத் தடவை. எங்கம்மாகிட்டச் சொல்லல, கூடப் பொறந்தவகிட்டச் சொல்லல, மைக்குல பேசிப் பொழைக்கிற ஒருத்தருகிட்டப் போய்ச் சொல்லுதேன். "எம் பொண்ணுக்கு மட்டும் தெரியும். அவ அங்க மூணாவது வரிசையில இருப்பா."

அவரு சிரிப்பு போயிருச்சு. சிரிப்பு போனா அவரு வேற ஆளா இருக்காரு, ரொம்ப வயசான ஆள். கோட்டுப் பட்டனை ஒண்ணு போட்டாரு, கழட்டுனாரு. மெதுவாச் சொன்னாரு, "அப்படின்னா ஒண்ணு சொல்றேம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. குறட்டைன்னு நான் சொல்லிட்டா உங்களுக்கு நல்லதுதான். நாளைக்கு யாராவது எதையாவது பாத்தாக் கூட, ஓ அது குறட்டைதானேன்னு போயிருவாங்க. ஜனங்க சிரிச்ச விஷயத்தைத் திரும்ப யோசிக்க மாட்டாங்க. நாப்பது வருஷமா நான் பாத்தது."

சரியாத்தான் சொல்லுதாரு. அதுதான் பத்திக்கிட்டு வருது எனக்கு. ஊர்ல, இங்க, எங்க போனாலும் இதே சரியான யோசனை, மூடி வை, சிரிச்சு வை, போயிரும்.

"சரி ஐயா. சொல்லுங்க. ஆனா முதல்ல இங்க ஒரு தடவை, என்கிட்டச் சொல்லிக் காட்டுங்க. குறட்டை, விசா எல்லாம் வேண்டாம். ஒரு ஆள் அவரு வீட்டுல சோபாவுல படுத்துத் தூங்குதாரு, காலு வெளிய கெடக்கு. நீங்க பாத்தது அதானே. பாத்ததை மட்டும், சிரிப்பு வராம சொல்லுங்க."

"இதென்னம்மா பெரிய விஷயம்"னாரு. தொண்டையைச் செருமிக்கிட்டாரு. "நேத்து நான் தங்கியிருந்த வீட்டுல," புருவம் ரெண்டும் தானா மேல ஏறிருச்சு, வலது கை தானா முன்னால வந்துருச்சு. பக்கத்துல நின்ன அயோவாக்காரம்மா ஒண்ணும் புரியாமலே சிரிக்கத் தயாரா எங்களைத் திரும்பிப் பாத்தா. அவரு நிறுத்திட்டாரு. கையைக் கோட்டுப் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டு மறுபடி ஆரம்பிச்சாரு. "நேத்து நான் தங்கியிருந்த வீட்டுல, வீட்டுக்காரர்," மறுபடி அந்தப் புருவம். மூணாவது தடவை வாயைத் தெறந்தாரு, மூடுனாரு. கண்ணாடிக்கு வெளிய பாத்தாரு.

"வரலம்மா"ன்னாரு. "அப்படிச் சொல்ல எனக்கு வரல."

"அப்ப மேடையிலயும் அதை விட்டுருங்க ஐயா"ன்னேன்.